மூச்சுமுட்டி வளைவு

பூலாம்பாடி
3.8.1998

அன்புள்ள மாமாவுக்கு மணிவண்ணன் எழுதுவது.

இங்கு நான், சுமதி, பாப்பா தேவயானி மூவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? ஊரார் கடிதங்களையெல்லாம் சுமக்கிறவன் கூடப் பிறந்தவளுக்கு இரண்டு மாதமாக ஒரு வரி போடவில்லை என்று அக்கா திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. அவள் முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மேல்கடம்புக்குத் தபால் பை போகும் நேரத்தை மாற்றிவிட்டார்கள். பூலாம்பாடி ஆபீசில் எட்டரை மணிக்குப் பையை வாங்கினால், பத்து மணிக்கு மலை மேல் பஞ்சவர்ணம் அம்மா கையில் கொடுத்தாக வேண்டும். அங்கே கிளைத் தபால் ஆபீசைப் பார்க்கிறவர் அவர்தான். பையை வாங்கியதும் ஒரு சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரு நிமிடம் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார்.

நாலு கிலோமீட்டர் சமதரை, ஏழு கிலோமீட்டர் ஏற்றம். பாதி மிதித்தும் பாதி தள்ளியும் எனக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. பத்து நிமிடம் இடிக்கிறது. ஐந்தாவது வளைவு ஒன்று இருக்கிறது, மூச்சுமுட்டி வளைவு என்றே அதற்குப் பெயர். அங்கே இறங்கித் தள்ளாதவன் இதுவரை பிறக்கவில்லை. வேலை நிரந்தரமாகும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. சீட்டில் தினமும் பத்து நிமிடம் தாமதம் என்று விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் ஃபிட்டர். சொல்லுங்கள், சைக்கிளின் எடையைக் குறைத்தால் ஏற்றம் லேசாகுமா? எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது?

அக்காவுக்கு என் அன்பு. பதிலை உடனே போடவும்.

உங்கள்
மணிவண்ணன்


ஆலத்தியூர்
10.8.1998

மாப்பிள்ளைக்கு பாலசுந்தரம் எழுதிக்கொள்வது.

சுகம். உன் அக்கா செல்வம்மாளும் சுகம். முழங்கால் தகராறு செய்தாலும் வாய் நன்றாக வேலை செய்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சைக்கிளக் கழட்டிட்டு என்னத்த ஓட்டப் போறான், முதல்ல இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

கணக்குப் பார்ப்போம். உன் சைக்கிள் இருபத்திரண்டு கிலோ இருக்கும். பை ஐந்து. நீ? போன பொங்கலுக்கு எங்கள் சிமெண்ட் ஆலையின் பேக்கிங் பிளாட்பாரத் தராசில் ஏறி நின்றாயே, அறுபத்து மூன்று. ஆக மொத்தம் தொண்ணூறு கிலோ மலை ஏறுகிறது. இதில் நாலரை கிலோ குறைத்தால் இருபதில் ஒரு பங்கு. நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் மிச்சமாகலாம். அதற்கு மேல் சைக்கிளிடம் எதிர்பார்க்காதே.

ஸ்டாண்டு, செயின் கவர், இரண்டு மட்கார்டு, டைனமோ, லைட்டு, முன்கூடை எல்லாவற்றையும் கழற்றிவிடு. கேரியர் இருக்கட்டும், பையை எங்கே வைப்பாய்? பிரேக்கில் மட்டும் கை வைக்காதே. ஏறுவதற்கு அது வேண்டாம், இறங்கும்போது உயிர் அதில்தான் இருக்கிறது.

இரும்பு இதற்கு மேல் இளைக்காது. மீதி இளைக்க வேண்டியது மேலே உட்கார்ந்திருக்கிற ஆள்தான். சுமதி வந்த பிறகு போட்ட தொப்பை ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு நாலு கிலோ கழற்றிவிடு. ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

பாப்பாவுக்கு முத்தம். சுமதியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு
பாலசுந்தரம்


பூலாம்பாடி
12.9.1998

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் சுமதியும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்துக்கும் அக்காவின் நலத்துக்கும் எழுதவும்.

உங்கள் யோசனை பலித்தது. கழற்றியதையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, சைக்கிளைக் கடலை மண்டித் தராசில் தொங்கவிட்டேன். பதினேழரை கிலோ. மண்டிக்காரர், "கிலோ என்ன வெல சொல்லுறீங்க" என்று கேட்டார். முதல் வாரம் ஒரு மணி முப்பத்திரண்டு. அடுத்த வாரம் ஒருநாள் ஒரு மணி முப்பத்தொன்று. பஞ்சவர்ணம் அம்மா கடிகாரத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு நல்ல சேதி. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் காசு போட்டால் சீட்டு விழும் எடை மெஷின் இருக்கிறதே, அதில் ஏறினேன். ஐம்பத்தொன்பது. நீங்கள் கேட்ட நாலு கிலோ ஒரே மாதத்தில் போய்விட்டது. சோற்றைக் குறைக்கவே இல்லை மாமா, தானாக இறங்குகிறது. மலை என் கொழுப்பைத் தின்கிறது என்று நினைக்கிறேன். சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று சுமதி முனகுகிறாள். சீட்டின் பின்பக்கம், உங்கள் முயற்சிக்குப் பலன் கிட்டும் என்று அச்சடித்திருந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த வாரம் ஒரு மணி முப்பத்தெட்டு ஆகிவிட்டது. எடை அதேதான், பாதையும் அதேதான். செயின் காய்ந்திருக்கும் என்று எண்ணெய் போட்டேன்.

இருமல் இன்னும் விடவில்லை. பாதையில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், அந்தத் தூசிதான்.

உங்கள்
மணிவண்ணன்


ஆலத்தியூர்
20.9.1998

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் சைக்கிள் கதையை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி இரண்டு நாள் பெருமை அடித்துக்கொண்டேன். மலை ஏறுகிற தபால்காரனுக்கு என் மூளை என்றேன். மூளை இருந்தால் ஏன் இங்கே இருக்கிறீர் என்றார்கள்.

ஆனால் அந்த ஏழு நிமிடம் எங்கே இருந்து வந்தது? அதுதான் எனக்கு உறுத்துகிறது. பின் சக்கரத்தைத் தலைகீழாக வைத்துச் சுற்றிப் பார். கோட்டம் இருந்தால் ஃபோர்க்கில் உரசும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிறதா? பெடலில் பால்ரஸ் குண்டு உடைந்திருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் எனக்கு எழுது. பஸ் கண்டக்டர் மூலம் பின் சக்கரத்துக்கு இருபது பல் பிரீவீல் ஒன்று கொடுத்துவிடுகிறேன். இப்போது உன்னுடையது பதினெட்டு. மிதிக்க லேசாக இருக்கும்.

இருமல் எத்தனை நாளாக என்று அக்கா கேட்கிறாள். சாயந்தரம் ஜுரம் அடிக்கிறதா என்றும் கேட்கிறாள். இரண்டுக்கும் பதில் எழுது.

பாலசுந்தரம்


பூலாம்பாடி
8.10.1998

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு சுமதியும் பாப்பாவும் நலம். அங்கு எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

பிரீவீல் வந்தது. மாட்டிவிட்டேன். மிகவும் நன்றி. சக்கரத்தில் கோட்டம் இல்லை, பால்ரஸ் நன்றாக இருக்கிறது, பிரேக் எங்கும் உரசவில்லை. நேரம்தான் ஒரு மணி ஐம்பத்தைந்து ஆகிறது. மழை ஆரம்பித்துவிட்டது, பாதையெல்லாம் சேறு. மழை விட்டால் சரியாகும்.

எடை ஐம்பத்தைந்து. இன்னும் இறங்கினால் சைக்கிளே வேண்டாம், பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காற்றிலேயே போய்விடலாம்.

தீபாவளிக்கு அக்காவை அனுப்ப வேண்டாம். இங்கே வீட்டுக்கு வீடு கண்வலி. வந்தால் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். புடவை எடுத்து வைத்திருக்கிறேன், பிறகு அனுப்புகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

மணிவண்ணன்


ஆலத்தியூர்
22.10.1998

மணிவண்ணனுக்கு,

தீபாவளி போனது. உன் அக்கா அதிரசம் சுட்டுத் தூக்குச்சட்டியில் போட்டு வைத்துவிட்டு, யாருக்கும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் தம்பி வர வேண்டாம் என்று சொன்ன முதல் தீபாவளி.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தேன். "சுமதி நலம்னு இருக்கு, பாப்பா நலம்னு இருக்கு. அவன் பேரு எங்க?" என்றாள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பத்து வருஷமாக நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் முதலில் நான் என்று போட்டுத்தான் மற்றவர்களைப் போடுவாய். சடங்குக்காகக்கூட உன்னால் அந்தப் பொய்யை எழுத முடியவில்லையா?

அக்கா கேட்ட இரண்டு கேள்விக்கும் நீ பதில் எழுதவில்லை. இன்லண்டு கடிதத்தில் பிசின் தடவியே விற்கிறார்கள். நீ சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறாய். எதற்கு?

எனக்குத் தெரிந்த வேலையை வைத்து ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆலையில் சுண்ணாம்புக் கல்லை மேட்டுக்கு ஏற்றுகிற பெல்ட் இருக்கிறது. கல் அதிகமானால் பெல்ட் திணறும். கல்லைக் குறைத்தால் வேகமாக ஓட வேண்டும். கல்லைக் குறைத்த பிறகும் பெல்ட் மெதுவாகப் போனால், நாங்கள் கல்லைப் பார்ப்பதில்லை, பெல்ட்டைப் பார்ப்பதில்லை. நேராக மோட்டாரைத்தான் திறப்போம்.

ஆகஸ்டில் தொண்ணூறு கிலோ ஏறியது, நூறு நிமிடம். இன்றைக்கு ஏறுவது எழுபத்தெட்டுக்கும் கீழே. நூற்றுப் பதினைந்து நிமிடம். பிரீவீலும் லேசானது. சேற்றுக்கு ஐந்து நிமிடம் தள்ளுபடி கொடுத்தாலும் கணக்கு உதைக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வேலை செய்யும்போதும் அது குத்துகிறது. மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அப்பாவை நான் பார்த்ததில்லை. உன் அக்கா சொல்லித்தான் தெரியும்.

வரும் 31ஆம் தேதி சனிக்கிழமை, பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அரியலூர் பஸ் நிற்கும் இடத்தில், காலை ஒன்பது மணிக்கு நிற்பேன். வந்துவிடு. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாம். நான் கூட இருக்கிறேன்.

உன் மாமா
பாலசுந்தரம்


ஆலத்தியூர்
1.11.1998

மணிவண்ணனுக்கு,

நேற்று மூன்று மணி வரை நின்றேன். வேப்பந்தட்டைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். நீ வரவில்லை.

ஆலையில் சூளையை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். பதினைந்தாம் தேதி வரை யாருக்கும் லீவு கிடையாது. நேற்று ஒரு நாள் கேட்டதற்கே சண்டை. பதினாறாம் தேதி காலையில் நானே பூலாம்பாடிக்கு வருகிறேன். அதற்குள் நீயே ஆஸ்பத்திரிக்குப் போனால் மிகவும் நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு கிலோ இளைத்துவிடு என்று எழுதியது நான்தான். விளையாட்டாக எழுதினேன். நீ இளைத்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு ஊரெல்லாம் சொன்னவனும் நான்தான். இப்போது சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு வரி எழுது. போதும்.

பாலசுந்தரம்


பூலாம்பாடி
11.11.1998

அன்புள்ள மாமா,

நலமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

31ஆம் தேதி நான் வந்தேன். பஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் உங்களைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் அக்காவின் ஒயர் கூடையோடு நின்றீர்கள். ஜன்னலோரத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

மாமா, செப்டம்பர் கடைசியில் மூச்சுமுட்டி வளைவில் இருமி உமிழ்ந்தபோது சிவப்பாக வந்தது. வெற்றிலை போட்டோமா என்று யோசித்தேன். போடவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். அப்புறம் பல தடவை மூடியாயிற்று. சாயந்தரமானால் ஜுரம் வருகிறது. அக்கா கேட்டது சரிதான்.

அப்பா அரியமுத்துவுக்கு அந்த வியாதி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் தட்டையும் லோட்டாவையும் வேலியில் மாட்டியிருந்தோம். களை எடுக்கக்கூட அம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் போன பிறகு பாயைக் கொளுத்தினார்கள், அந்தப் புகை போன திசையில் இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். அந்த வியாதியின் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் எழுத மாட்டேன். டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லும் வரைக்கும் இது வெறும் இருமல். சொல்லிவிட்டால் வந்துவிடும்.

வந்துவிட்டால், நான் தொட்ட காகிதத்தை மலையில் யார் வாங்குவார்கள்? முப்பது வீட்டுக்கும் என் கையால்தான் போகிறது. இன்லண்டு ஒட்டும்போது நாக்கால் பிசினை நனைப்பது என் பழக்கம். அந்த மடிப்பை அக்காதான் பிரிப்பாள். அதற்காகத்தான் பருக்கை. சுமதியிடம் வெக்கையாக இருக்கிறது என்று சொல்லித் தனியாகப் படுக்கிறேன். பாப்பாவைத் தூக்கி ஒன்றரை மாதம் ஆகிறது. அவள் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தூக்கு" என்கிறாள். சட்டை அழுக்கு என்கிறேன்.

இன்று இரண்டு மணி இருபது நிமிடம். பஞ்சவர்ணம் அம்மா நேரத்தை எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

நீங்கள் பதினாறாம் தேதி வாருங்கள். வந்தால் போகலாம். இந்த முறை ஒளிய மாட்டேன். அக்காவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

மணிவண்ணன்


பெரம்பலூர்
14.11.1998

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு சுமதி எழுதுவது.

உங்கள் கம்பெனி போனுக்கு நாலு தரம் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் எழுதிய கடிதம் உங்களுக்கு வந்ததோ என்னவோ தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

நேற்று வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி வரை பை வரவில்லை என்று பஞ்சவர்ணம் அம்மா இரண்டு ஆட்களைக் கீழே அனுப்பியிருக்கிறார். ஐந்தாவது வளைவில் சைக்கிள் சாய்ந்து கிடந்திருக்கிறது. இவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியில் கிடந்திருக்கிறார். வாயெல்லாம் ரத்தம். கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி அதில் போட்டு, இரண்டு பேரும் அடிவாரம் வரை சுமந்து வந்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு வேன்.

அந்த வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கம்பைத் தோளில் சுமந்து வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "நாலு பேரு மாத்தித் தூக்கணும்னு நெனச்சோம் தங்கச்சி. ஆளு கனக்கவே இல்ல. தபால் பைதான் கனத்துச்சு" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்தாறு காட்டியது. மூன்று முறை சளி எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆனால் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டார். மாத்திரை இருக்கிறது, எட்டு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்கிறார். இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். கடிதம் தொட்டால் ஒட்டுமா என்று கேட்டேன். காகிதத்தில் வராது, இருமலில்தான் வரும், வாயை மூடிக்கொண்டு இரும வேண்டும் என்றார். பாப்பாவுக்கும் எனக்கும் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்.

தனியாகப் படுத்தபோதே எனக்குத் தெரியும் அண்ணா. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று கேட்காமல் இருந்தேன். நானும் ஒரு குற்றவாளிதான்.

அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சுமதி


ஆலத்தியூர்
30.1.1999

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கும் சுமதிக்கும் ஒன்றும் இல்லை என்று வந்த கார்டை உன் அக்கா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, உள்ளே எல்லாம் ரத்தமாகிவிட்டது என்று பயந்து எழுதியிருந்தாயே, அதைப் படித்து நானும் பயந்து இங்கே டாக்டரிடம் ஓடினேன். மாத்திரையின் நிறம்தானாம். அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை.

இப்போது சுமதி எழுதியிருக்கிறாள். இருமல் நின்றுவிட்டது, பசிக்கிறது, இனி மாத்திரை எதற்கு என்று நீ கேட்கிறாயாம். மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறதாம். மணிவண்ணா, இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நவம்பர் மாதத்தைவிட அதிகப் பயம். ஓட ஆரம்பித்த மோட்டாரைப் பாதி நட்டு முடுக்கியதோடு விட்டுவிட்டுப் போனவன் கதை எங்கள் ஆலையில் உண்டு. அவன் விரல் இரண்டு இப்போது இல்லை. பாதியில் நிறுத்தினால் அது திரும்பி வருமாம், வந்தால் இந்த மாத்திரைக்கு மசியாதாம்.

உனக்குப் பதிலாகப் பை சுமக்கிற பாவாடை என்பவரை ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டையில் பார்த்தேன். நிரந்தரப் பட்டியலில் உன் பெயர் கீழே போய்விட்டது என்றார். போகட்டும். இன்னும் ஐந்து வருஷம் கழித்து வரட்டும். அதை வாங்க நீ இருக்க வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை எழுதி ஒரு கார்டு போடு. சைக்கிளின் எடை எனக்கு வேண்டாம்.

பாலசுந்தரம்


பூலாம்பாடி
21.6.1999

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நான் தேறி வருகிறேன். சுமதியும் பாப்பாவும் நலம். அக்கா கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது என்று எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

மாத்திரை ஏழு மாதம் முடிந்தது. இன்னும் ஒரு மாதம். சளியில் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை மாமா. காலையில் எழுந்ததும் வேண்டுமென்றே இருமி, உமிழ்ந்ததைக் குனிந்து பார்க்கிறேன். இந்தப் பழக்கம் சாகும் வரை இருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இன்றுதான் முதல் நாள். மலைக்குப் போனதும் நானே வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். இந்த வியாதி எனக்கு வந்தது, இப்போது ஒட்டாது, காகிதத்தில் எப்போதுமே ஒட்டாது என்று. பெயரையும் சொன்னேன். டி.பி. என்று. மூன்று வீட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்தேன். திரும்பி நடந்தபோது அழுகை வந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. இருசம்மாளுக்குத் திருப்பூரிலிருந்து மகன் கடிதம் வந்திருந்தது. அதை நான்தான் வாசிக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு வாசித்தேன். "எங்கிட்ட வந்து படி. எனக்கு ஒரு காது செவிடுன்னு இத்தன வருசமாத் தெரியாதா?" என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இன்று எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். பஞ்சவர்ணம் அம்மா அதையும் ஒரு நிமிடம் குறைக்காமல்தான் எழுதினார். சைக்கிளில் ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் திரும்ப மாட்டிவிட்டேன். முன்கூடையையும் மாட்டினேன், பாப்பா அதில் உட்கார வேண்டும் என்று அழுதாள்.

மூச்சுமுட்டி வளைவுக்கு முன்பே இறங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு நடந்தேன். போன வருஷம் இதே இடத்தில், எடை இல்லாமல் போகிறேன் என்று எத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்று தொடை வலித்தது. முட்டி வலித்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பின்னால் இழுத்தது. கைக்குட்டையில் இருமிப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கினேன், மறுபடியும் எழுந்து தள்ளினேன்.

அக்காவிடம் சொல்லுங்கள். ஐம்பத்தெட்டு கிலோ. நன்றாகக் கனக்கிறேன்.

உங்கள்
மணிவண்ணன்